கொல்லைப்புறத்துப் புகையிலையும் அடிமை மக்களின் உரிமையும்

கடுகைவிடச் சிறிய பொருள் ஒன்றை உவமைக்குத் தேடுவோர் புகையிலை விதையைப் பார்த்தல் வேண்டும். ஒரு கிராம் எடைக்குள் ஏறத்தாழ 10,000 முதல் 12,000 விதைகள் அடங்கிவிடும். பழுப்பு நிறப் பொடிபோல் தோன்றும் அவ்விதை, அருகில் நின்று மூச்சு விட்டாலே பறந்துவிடும். ஒரே ஒரு செடியைத் தலை கிள்ளாமல் பூக்க விட்டால், அதன் காய்களில் முற்றும் விதை பல ஏக்கர் நிலத்துக்கு நாற்றுவிடப் போதுமானது. உலர்வாக வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் முளைப்புத்திறன் கெடாது. ஆகவே புகையிலை விதைக்கு ஏழையிடத்தும் பஞ்சமில்லை. நெல் விதைக்காக ஆண்டையின் களத்தில் கைகட்டி நின்றவன்கூடப் புகையிலை விதையை மடியில் முடிந்து வைத்துக்கொள்ள இயலும். விதை எளிது. அதனை ஊன்றுவதற்கு வேண்டிய ஒரு சாண் நிலமே அரிது. அந்த ஒரு சாண் நிலத்தின் வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் புகையிலைக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். புகையிலை உடலைக் கெடுக்கும் பொருள் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனைப் பயிரிடுமாறும் பயன்படுத்துமாறும் நாம் எவரையும் தூண்டவில்லை. எனினும், வர்ஜீனியா நாட்டில் அடிமைகளாகக் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்கள், தங்கள் குடிசைக்குப் பின்னால் தங்களுக்கென்று இச்செடியை வளர்த்தார்கள் என்பதும், அதனை அவர்தம் ஆண்டைமார் தடுத்தார்கள் என்பதும் நாம் அறிய வேண்டிய செய்திகள். 1873-ஆம் ஆண்டிலேயே மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பின அடிமைத்தளையை அறுத்தெறிந்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946-ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் து பாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். அவர்கள் நடந்த வழியில் நாமும் சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

புகையிலை தென் அமெரிக்காவுக்குரிய செடி. ஆங்கிலேயர் 1607-ஆம் ஆண்டு வர்ஜீனியாக் கடற்கரையில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை நிறுவியபோது, அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் ஒருவகைப் புகையிலையைப் பயிரிட்டு வந்தனர். அது காரமும் கசப்பும் மிக்கது. ஆங்கிலேயரின் நாவுக்கு ஒவ்வவில்லை. இனிய புகையிலையின் விதை ஸ்பானியர் வசம் இருந்தது. அதனை அயலார்க்குக் கொடுப்பதை ஸ்பானியர் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தனர். எவ்வாறோ அவ்விதை ஜான் ரால்ஃப் என்பாரின் கைக்குக் கிட்டியது. 1612-ஆம் ஆண்டளவில் அவர் அதனை ஜேம்ஸ்டவுனில் பயிரிட்டார். 1617-ஆம் ஆண்டு 20,000 பவுண்டு புகையிலை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அமெரிக்கப் புரட்சி வெடிக்கும் தறுவாயில் வர்ஜீனியா, மேரிலாந்து ஆகிய இரு நாட்டினின்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு சென்றது. நாணயம் அருகியிருந்த அந்நாட்டில் புகையிலையே நாணயமாயிற்று. 1696-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிறித்தவக் குருவின் ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு புகையிலை! கடவுளின் ஊழியருக்கு இலையால் ஊதியம். அவ்விலையை விளைவித்தவர்க்கோ ஊதியமே இல்லை.

விளைவித்தவர் யார்? 1619-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில், அங்கோலா நாட்டினின்று பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில் இறக்கப்பட்டனர். அவர்களைக் கொணர்ந்தவர்கள் உணவுப் பொருளுக்காக அவர்களை மாற்றிக்கொண்டனர். 1790-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கில் வர்ஜீனியாவில் மட்டும் அடிமைகள் 2,92,627 பேர்.

இனி, இப்பயிருக்கு வேண்டிய உழைப்பை விரிவாகவே காண்போம். நெல்லும் கேழ்வரகும் நாற்றுவிட்டு நட்டுப் பழகிய நம் மக்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இராது.

கிறிஸ்துமஸ் கழிந்த சில நாட்களில் நாற்றங்கால் வேலை தொடங்கும். காட்டோரத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து, விறகையும் சருகையும் குவித்து எரிப்பார்கள். களை விதையும் பூச்சியும் அழிய, சாம்பல் எருவாகும். மண்ணைப் பொடியாகக் கொத்தி, விதையைச் சாம்பலுடனோ மணலுடனோ கலந்து தூவுவார்கள். கலவாமல் தூவினால் ஓரிடத்தில் ஆயிரமும் ஓரிடத்தில் ஒன்றுமில்லாமலும் போகும். விதையைப் புதைக்கலாகாது. இவ்விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணோடு அழுந்த மிதித்துவிட்டாலே போதும். பனிக்கு அஞ்சி மேலே தழைகளைப் பரப்பி வைப்பார்கள். நம் பக்கத்துப் புகையிலைக் காடுகளிலும் விதையை மணலோடு கலந்து தூவி, வைக்கோல் மூடாக்குப் போட்டு, பூவாளியால் நீர் தெளிப்பதைக் காணலாம். கடல்கள் பல கடந்தும் வேலை ஒன்றுதான்.

மே மாதத்தில் மழை பெய்து மண் ஈரமாகும் நாளுக்குக் காத்திருப்பார்கள். அதற்குள் வயலெங்கும் மண்வெட்டியால் குன்றுபோல் மண் கூட்டி வைத்திருக்க வேண்டும். ஏர் பூட்டாத நிலங்களில் இவ்வேலை முழுவதும் மனிதக் கையால் நடந்தது. மழை விழுந்ததும், பகலோ மாலையோ, நாற்றைப் பிடுங்கி ஒரு குன்றுக்கு ஒன்றாக நட்டு முடிக்க வேண்டும். பின்னர்க் களை கொத்துதலும் மண் அணைத்தலும் மாறி மாறி வரும். பூ மொட்டு தலை காட்டியதும் நுனியைக் கிள்ளுதல் வேண்டும். கிள்ளிய ஒரு வாரத்துக்குள் இலைக்கக்கங்களில் பக்கக் கிளைப்புகள் தோன்றும். அவற்றையும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் பச்சைப் புழு வரும். விரல் நீளமும் விரல் பருமனும் உடைய அப்புழுவை இலையின் அடிப்புறத்தில் தேடிப் பொறுக்கிக் கொல்வது பெரும்பாலும் சிறுவர் வேலை. 1930-களின் பிற்பகுதியில், அடிமையாய்ப் பிறந்து விடுதலை கண்ட முதியோரின் வாய்மொழிகளை அமெரிக்க அரசு திரட்டியது. வர்ஜீனியா முதியோர் சிலர் சொன்ன செய்தி நெஞ்சை உலுக்குவது. பொறுக்காமல் தவறவிட்ட புழுவைக் கண்டால், மேற்பார்வையாளன் அக்குழந்தையையே அப்புழுவைக் கடிக்கச் செய்வானாம். நம் முன்னோர் சாணிப்பால் குடிக்க நேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தியை விளக்கத் தேவையில்லை.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இலை தடித்துச் சுருங்கி, மஞ்சள் புள்ளி தோன்றும். மடக்கினால் முறிய வேண்டும். அதுவே அறுவடைப் பருவம். அதனை நாள் பார்த்துச் சொல்லும் கண் ஒரு நாளில் வருவதன்று. வெட்டிய செடியைக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துவார்கள். உலர்ந்த இலை கை பட்டால் நொறுங்கும்; ஈரக்காற்று வீசும்போதுதான் இளகும். தமிழில் நாம் ‘பதம்’ என்று சொல்லும் அந்நிலை இரவில் வந்தால், இரவிலேயே எழுப்பிவிடப்பட்டு இலை பிரிக்கும் வேலை நடக்கும். பச்சை இலையில் பனிநீர் படிந்திருக்கும்போது அறுப்பவர்க்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. இலையின் நஞ்சு ஈரத்தோடு தோல் வழியே உடலில் ஏறுவதே காரணம் என்று மருத்துவ உலகம் 1970-ஆம் ஆண்டில்தான் எடுத்துரைத்தது. அதற்கு முன் முந்நூறு ஆண்டுகளாக அது சோம்பேறித்தனம் எனப்பட்டிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

தமிழில் இவ்வாறு இலையைப் பக்குவப்படுத்துவதைப் ‘பாடம் செய்தல்’ என்கின்றோம். பள்ளியில் படிப்பதும் பாடமே. இலையைப் பாடம் செய்யத் தெரிந்தவர்க்குப் பள்ளிப் பாடம் மறுக்கப்பட்டது அந்நாட்டிலும் நடந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இத்தனை வேலையும் ஆண்டையின் வயலில். ஞாயிற்றுக்கிழமையும், அந்தி கழிந்த பின்னுள்ள சிறுபொழுதுமே உழைப்பாளிக்கு உரியவை. அச்சிறுபொழுதில் குடிசையை அடுத்த துண்டு நிலத்தில் அவரை, பூசணி, வள்ளிக்கிழங்கு முதலியன பயிரிட்டனர், கோழி வளர்த்தனர். இதனை ஆண்டைமார் பெரிதும் அனுமதித்தனர். அனுமதித்ததில் கருணையைவிடக் கணக்கே மிகுதி எனலாம். தானே விளைவித்து உண்பவனுக்கு அளந்து கொடுக்கும் தவசத்தைக் குறைக்கலாமன்றோ? வட கரோலினா நாட்டைப் பற்றி 1737-ஆம் ஆண்டில் நூல் எழுதிய ஜான் பிரிக்கல் என்பார் ஓர் அரிய செய்தியைப் பதிந்துள்ளார். அங்குள்ள அடிமைகள் தம் தேவைக்குப் போதிய புகையிலையைப் பயிரிட்டுக்கொள்ள விடப்பட்டனர் என்றும், அதில் ஒரு பகுதியை விற்றுத் தொப்பி முதலிய பொருள்களை வாங்கிக்கொண்டனர் என்றும் அவர் கூறுகின்றார். தலையில் வைத்துக்கொள்ளத் தம் காசில் ஒரு தொப்பி! மேல்துண்டு போடக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்ட வரலாறுடைய நமக்கு அத்தொப்பியின் விலை தெரியும்.

ஆயினும் சட்டம் இந்தச் சிறு உடைமையையும் ஏற்கவில்லை. 1692-ஆம் ஆண்டு வர்ஜீனியா சட்டமன்றம், அடிமைகள் தம் குறியிட்டு வளர்த்த குதிரை, மாடு, பன்றி ஆகியவற்றை அவர்தம் உடைமையாளர் தம்முடையவையாக்கிக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. 1705-ஆம் ஆண்டு அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. அடிமை வைத்திருப்பது எதுவாயினும் அது ஆண்டை கண்டும் காணாமல் விட்டிருக்கும் வரையில்தான்.

தொடக்கத்தில் நிலைமை இவ்வளவு இறுகவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1621-ஆம் ஆண்டு வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தோணி என்னும் ஆப்பிரிக்கர், பின்னர் விடுதலை பெற்று அந்தோணி ஜான்சன் ஆனார், 1651-ஆம் ஆண்டில் 250 ஏக்கர் நிலத்துக்கு உரியவரானார், புகையிலை பயிரிட்டார். அவர் வாழ்ந்த அதே கடற்கரைப் பகுதியின் நீதிமன்றப் பதிவேட்டில் 1645-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உள்ளது. அந்தோணி என்னும் பெயருடைய கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் வயலுக்குள் சென்று விளைச்சலைப் பிரித்துக்கொண்டு திரும்புகின்றனர். தமக்குரியது எதுவென்று இப்போது தெளிவாகிவிட்டது. இனித் தாம் விரும்பும்போது உழைப்பேன், விரும்பும்போது ஓய்வேன் என்ற கருத்துப்பட அக்கறுப்பர் மகிழ்ந்து பேசினார் என்பது அப்பதிவு. இருவர் கூடி நின்று எல்லை வகுத்த காட்சி அது. அந்தோணி ஜான்சன் தாமும் ஒருவரை அடிமையாக வைத்திருந்தார். 1655-ஆம் ஆண்டு அவரை மீட்க வழக்காடி வென்றார். இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஜான்சன் இறந்த பின் 1670-ஆம் ஆண்டில், அவர் கறுப்பர், ஆதலால் அயலார் என்று சான்றாயத்தார் கூறி, அவர் வர்ஜீனியாவில் விட்டுச்சென்ற நிலம் அரசுக்குச் சேரலாம் எனத் தீர்த்தனர். ஐம்பது ஆண்டுக்காலம் அம்மண்ணோடு தொடர்புடையவர் ‘அயலார்’ ஆனார்!

இனி 1798-ஆம் ஆண்டுக்கு வருவோம். மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சன், அப்போது நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர், பிலடெல்பியாவில் இருந்தார். அவருடைய வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்கள் அவருக்கு அடிமைகளாக இருந்தனர். புகையிலைப் பயிர் மனிதர்க்கு அளவற்ற துன்பத்தைத் தருவது என்று தம் நூலில் எழுதியவரும் அவரே. தம் பண்ணைகளில் அதனை விளைவித்து விற்றவரும் அவரே. அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் தம் மருமகன் தாமஸ் மான் ராண்டால்ஃபுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு சிறு பகுதி நம் ஆய்வுக்கு உரியது. அடிமைகள் தமக்கென்று புகையிலை பயிரிடுவதை நிறுத்தியமைக்காக அவர் மருமகனுக்கு நன்றி கூறுகின்றார். பண்ணையில் விளைவிக்காத பொருள்களை மட்டுமே அவர்கள் விளைவிக்குமாறு வரையறுத்தல் இன்றியமையாதது என்று தாம் எப்போதும் கண்டுள்ளதாகவும், அவர்களுடையது எது, தம்முடையது எது என்று கோடு கிழிக்க வேறு வழியே இல்லை என்றும் எழுதுகின்றார்.

இச்சில வரிகளை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். அடிமைகளின் புகையிலைக்கு ஜெபர்சன் ஆண்ட சொல் பழைய ரோமானியச் சட்டத்துச் சொல். அடிமை தன் ஆண்டையின் இசைவால் கையில் வைத்திருக்கும் சிறு பொருளை அது குறிக்கும். இசைவு நீங்கினால் பொருளும் நீங்கும். அவருடைய அச்சமும் விளங்குகின்றது. பூசணிக்காயை யாரும் பண்ணைச் சரக்கு என்று சொல்ல முடியாது. புகையிலையோ காசுப் பயிர். குடிசைக் கொல்லையில் விளைந்த இலையும் பெருவயலில் விளைந்த இலையும் உலர்ந்த பின் ஒன்றே. இவ்விலை யாருடையது என்று கேட்டால் இலை பேசாது. அடிமையின் இலையைத் திருட்டு இலை என்று ஐயுறலாம். இன்னொன்றும் உண்டு. பெருவயலின் இலையும் அதே கைகள் விளைவித்ததுதானே? அவ்வாறாயின் அதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டே என்ற வினா, கோட்டின் மறுபுறமிருந்து எழக்கூடும். அவ்வினா எழாதபடியே அக்கோடு போடப்பட்டது என்று கொள்வது பொருந்தும்.

கோடு போட்ட பின்னும் அம்மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஜெபர்சனின் மாளிகையாகிய மாண்டிசெல்லோவில், அவர் பேத்தி 1805 முதல் 1808 வரை எழுதிய வீட்டுக் கணக்கு எஞ்சியுள்ளது. அடிமைகளிடமிருந்து விலை கொடுத்து வாங்கிய காய்கறி, கோழி, முட்டை ஆகியவை பெயர் பெயராக அதில் குறிக்கப்பட்டுள்ளன. எவருடைய உடல் விலைக்கு வாங்கப்பட்டதோ, அவரிடமிருந்து முட்டையை விலை கொடுத்து வாங்கும் விந்தையான கணக்கு அது!

நம் நாட்டு நிலையை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையில், பறையர் குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாரர் பிடியில் இருந்ததையும், சொல் கேளாதவனைக் குடியிருப்பினின்றே வெளியேற்றும் அச்சுறுத்தல் அவன் தலைமேல் தொங்கியதையும் எடுத்துக்காட்டினார். மனையே தனதல்லாதவன் கொல்லையில் ஒரு முருங்கையை ஊன்றினால் காய் யாருக்கு? இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் சட்டம் விடை தர 1971-ஆம் ஆண்டு ஆயிற்று. குடியிருப்பு அனுபோகதாரர்க்கு அம்மனையை உரிமையாக்கும் சட்டம் அவ்வாண்டுதான் இயற்றப்பட்டது. நம் பெரியவர்களுள் பலர் அதற்குப் பிறகே தம் வீட்டுப் பின்புறத்துக்கு வேலி கட்டினார்கள்.

அடிமை மக்களின் கைத்திறன் எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1839-ஆம் ஆண்டு, வட கரோலினாவின் காஸ்வெல் வட்டம். அபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்னும் அடிமை கொல்லு வேலையும் அறிந்தவர்; புகையிலைக் கொட்டகையில் தீ காக்கும் பொறுப்பும் அவருடையது. மழை இரவு ஒன்றில் அவர் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தபோது தீ அணையும் நிலை. ஈர விறகு பற்றாது என்று, உலைக்களத்துக்காகச் சுட்டு வைத்திருந்த கரியை ஓடி எடுத்து வந்து போட்டார். புகையின்றி எழுந்த கடுஞ்சூட்டில் இலை கருக்காமல் பளிச்சென்ற மஞ்சளாய் மாறிற்று. அதுவரை கண்டிராத நிறம். சந்தையில் வழக்கமான விலையைப்போல் நான்கு மடங்குக்குப் போயிற்று. பிற்காலத்தில் சிகரெட்டுத் தொழிலுக்கு அடிப்படையான மஞ்சள் இலைப் புகையிலையின் தொடக்கம் இதுவே என்பர். 1920-களில் நம் அண்டை ஆந்திரத்துக் குண்டூர்ப் பகுதியில் பரவி, சூளைக் கொட்டகைகளில் சூடேற்றிப் பாடம் செய்யப்பட்ட ‘வர்ஜீனியா’ இலையும் இவ்வழி வந்ததே. கண்டுபிடிப்பின் வருவாய் ஸ்லேட் குடும்பத்துக்குச் சென்றது. ஸ்டீபனுக்கு எஞ்சியது, முதுமையில் ஒரு செய்தித்தாளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதை.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிந்தது. நிலம் கிடைத்ததா? அவ்வாண்டு ஜனவரியில் படைத்தலைவர் ஷெர்மன், தென் கரோலினா, ஜார்ஜியா, பிளாரிடாக் கடலோரத்து நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றோர்க்குப் பிரித்தளிக்க ஆணையிட்டார். அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்கள் பழைய உடைமையாளர்க்கே திரும்ப வழி செய்தார். டிரமென்ஹீர் அறிக்கையின் பயனாய் 1892-ஆம் ஆண்டு நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள் பல, பத்திரத்தில் நம்முடையவையாகவும் அனுபவத்தில் பிறருடையவையாகவும் போன கதையை இம்மலரைப் படிப்போர் நன்கு அறிவர்.

வர்ஜீனியாவில் அத்தகைய ஆணைகூட இல்லை. விடுதலை பெற்றோர் பழைய வயலுக்கே குத்தகையாளராகத் திரும்பினர். நிலமும் குடிசையும் உடைமையாளருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. விதைக்கும் எருவுக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன்; அறுவடை வந்ததும் முதலும் வட்டியும் கழித்தது போக மீதம். கணக்குப் புத்தகம் இருந்தது உடைமையாளர் கையில். படிக்கத் தெரியாதவர் அதில் எழுதியிருப்பதை எவ்வாறு மறுப்பார்? படிக்கத் தெரியாமல் போனதும் தற்செயலன்று. எழுத்துக் கற்பிப்பதற்காகக் கறுப்பின மக்கள் கூடுவதை 1831-ஆம் ஆண்டு வர்ஜீனியாச் சட்டம் தடை செய்திருந்தது. முன்பு ஜெபர்சன் கொல்லையில் கிழித்த கோடு, இப்போது பேரேட்டுத் தாளில் கிழிக்கப்பட்டது.

அத்தகைய ஒரு புகையிலைப் பண்ணையில், 1856-ஆம் ஆண்டு, ஃபிராங்க்ளின் வட்டத்தில் ஜேம்ஸ் பரோஸ் என்பவரின் சமையற்காரியான அடிமைப் பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தான். 1861-ஆம் ஆண்டு பரோஸ் இறந்த பின் எடுத்த சொத்துப் பட்டியலில், மாடு, ஏர், கலப்பை இவற்றோடு அச்சிறுவனுக்கும் ஒரு வரி உண்டு: புக்கர், 400 டாலர். அவனே பின்னாளில் புக்கர் டி. வாஷிங்டன் ஆனான். அவர் 1901-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் வரலாற்றில், ஒருநாள் நள்ளிரவில் தாய் தம்மை எழுப்பி ஒரு கோழியைச் சமைத்து ஊட்டியதை நினைவுகூர்கின்றார். அக்கோழி எவ்வாறு வந்தது என்று அவர் அறியார். ஆனால் தம் தாயைத் திருடி என்று கூற எவர்க்கும் உரிமையில்லை என்பதில் உறுதியாக நிற்கின்றார். ஆண்டையின் மகளுடைய புத்தகங்களைச் சுமந்து பள்ளி வாயில்வரை சென்ற அவர், உள்ளே நுழைய முடிந்ததில்லை.

விடுதலைக்குப் பின் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் உப்புத் தொழில் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கு உப்புப் பீப்பாய்களில் அவருடைய மாற்றாந்தந்தையின் பங்கைக் குறிக்க ‘18’ என்று எழுதுவார்கள். அவர் முதன்முதல் படிக்கக் கற்ற எழுத்து அவ்வெண்ணே. 1872-ஆம் ஆண்டு ஹாம்ப்டன் பள்ளியில் சேர்ந்து பயின்றார். 1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 30 மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வெள்ளையரோடு உரிமைக்காக மோதாமல் தொழிற்கல்வியால் உயரலாம் என்ற அவருடைய கொள்கையை 1903-ஆம் ஆண்டில் து பாய்ஸ் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் உண்டு என்பது நம் எண்ணம். எனினும் டஸ்கீகியில் அவர் முதலில் செய்த வேலையை நாம் மதிக்கின்றோம்.

பள்ளி தொடங்கி மூன்று மாதமாகும் முன்பே, ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடந்த 100 ஏக்கர்ப் பண்ணை ஒன்று விலைக்கு வந்தது. விலை 500 டாலர். கையில் காசில்லை. ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் தம் சொந்தப் பணத்தினின்று 250 டாலர் கடன் கொடுத்தார். அதனை முன்பணமாகக் கட்டி நிலம் வாங்கப்பட்டது. சமையலறையும் குதிரைக்கொட்டிலும் கோழிக்கூடும் அப்பண்ணையில் எஞ்சியிருந்தன. அவை துப்புரவாக்கப்பட்டு வகுப்பறைகளாயின. பயிரிட நிலத்தைத் திருத்த வேண்டும் என்றபோது மாணவர் பலர் தயங்கினர். ஆசிரியர்களாயிருந்து வந்த அவர்களுள் சிலர்க்குப் படிப்புக்கும் காடு வெட்டுவதற்கும் உள்ள தொடர்பு விளங்கவில்லை. புக்கர் வாஷிங்டன் நாள்தோறும் பள்ளி முடிந்ததும் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முதலில் நடந்தார். பின்னால் மாணவர் வந்தனர். ஏறத்தாழ 20 ஏக்கர் வெட்டித் திருத்தி, அவ்வாண்டே அதில் பயிர் வைத்தார்கள்.